அபாயா இழுத்த தடம்

நெடும்பயணத்தில் என் மனைவிக்கு ஒதுங்க வேண்டியிருந்தால் எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. அவள் என் முதுகில் இரண்டு தட்டு தட்டுவாள். நான் இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டுவேன். பின்னால் வருகிற தம்பியும் நிறுத்துவான். மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டியைத் திறந்து, அவளுடைய கறுப்பு அபாயாவை, கால்வரை தொங்கும் அந்த அங்கியை, எடுத்துக் கொடுப்பேன். ஜாக்கெட், முழங்கால் பட்டை எல்லாவற்றுக்கும் மேலே அதை மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுப்பாள். அவ்வளவுதான், ஆண்கள் நாங்கள் இருவரும் ரோட்டின் மறுபக்கம் பார்த்துத் திரும்பி நின்றுவிடுவோம். சும்மா நின்றால் அவளுக்குக் கூச்சம் என்று நான் சத்தமாக வியாபாரம் பேசுவேன். தம்பி "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று போட்டுக்கொண்டே இருப்பான். அவள் திரும்பி வந்து "ம், போவோமா?" என்று கேட்கிறவரை கழுத்தைக்கூட அசைக்க மாட்டோம்.

யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பெண் ஒதுங்கப் போனால் ஆண் திரும்பி நிற்பான், எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கெல்லாம் பாடம் எடுக்க மாட்டார்கள். அந்த மரியாதைதான் தோஃபார் மலையில் அவளை எங்கள் கண்ணிலிருந்து தொலைத்தது.

எனக்கு ஷார்ஜா ரோலாவில் சூட்கேஸ் கடை. ஊருக்குப் போகிறவன், வேலை போனவன், கல்யாணத்துக்குக் கிளம்புகிறவன், எல்லாரும் பெட்டி வாங்க வந்தே ஆகவேண்டும். பெட்டியைத் தேர்ந்தெடுக்கிற நேரத்தில் மனுஷன் மனசையும் கொஞ்சம் திறப்பான். அப்படித் திறந்த வாய்களைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பேசவும் எழுதவும் பழகினேன். "பெட்டி பெருசா இருந்தா போதாது பாய், ஊர்ல கதவு திறக்கணும்" என்று ஒரு பெஷாவர் டிரைவர் சொல்லிவிட்டுப் போனது இன்றைக்கும் கல்லாப் பக்கம் உட்கார்ந்தால் காதில் கேட்கும்.

தம்பி என்று நான் சொல்வது என் கூடப் பிறந்தவனை இல்லை. பக்கத்துக் கார்கோ ஆபீசில் வேலை செய்யும் இலங்கைத் தமிழன். முல்லைத்தீவுப் பக்கம். முப்பதைத் தொட்டவன். அங்கே சண்டை முடிகிறபோது சின்னப் பையனாக இருந்தவன். அதைப்பற்றி நாமாகக் கேட்டால் பேச மாட்டான், அவனாகத் தோன்றினால் ஒரு வரி சொல்வான். மோட்டார் சைக்கிள்தான் எங்களைச் சேர்த்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் ஆளுக்கொரு வண்டியில் கோர்ஃபக்கான் மலை ரோட்டில் போய்ச் சாயா குடித்துத் திரும்புவோம்.

அவனிடம் ஒரு பழக்கம். எல்லாரும் பார்க்கில் பாய் விரித்துப் பிரியாணி சாப்பிட்டால், அவன் மட்டும் சிமெண்டு ஓரத்தில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொள்வான். புல்லில் கால் வைக்க மாட்டான்.

"ஏன் தம்பி, ஷார்ஜா முனிசிபாலிட்டி புல்லு கடிச்சிருமா?" என்று என் மனைவி ஒரு நாள் சீண்டினாள்.

"பழக்கம் அக்கா" என்றான். பிறகு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எங்கட பக்கம் புல்லு உயரமா வளந்து நிண்டா, அதில ஆரும் நடக்கேல்லை எண்டு அர்த்தம். ஆரும் நடக்காத இடத்தில நாங்களும் நடக்கமாட்டம்" என்றான்.

அதற்குப்பிறகு அவள் அவனை அந்த விஷயத்தில் சீண்டியதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் சிமெண்டிலேயே உட்கார்ந்துகொள்வாள்.

பிள்ளைகள் படிக்க ஊருக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "அரபு நாட்டுல பச்சை மலை இருக்கு, காட்டுறேன், காட்டுறேன்னு கல்யாணமான நாள்ல இருந்து சொல்றீங்க மச்சான். எனக்கு மூட்டு வலிக்க ஆரம்பிச்சப்புறந்தான் கூட்டிட்டுப் போவீகளா?" என்று கேட்டாள். ஓமானின் தெற்கே தோஃபார் மலைகள் மழைக்காலத்தில் பச்சையாகிவிடும். வெளியெல்லாம் வெயில் பொசுக்கும்போது அங்கே மட்டும் சாரலும் மூடுபனியும். அந்தப் பருவத்தைக் கரீஃப் என்பார்கள். செப்டம்பரில் அது முடிகிற கட்டத்தில் போகலாம் என்று முடிவு செய்தோம்.

தம்பி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணை, அந்த மலையில முந்தி சண்டை நடந்திருக்கு" என்றான்.

"அதெல்லாம் எங்க வாப்பா காலத்துல தம்பி. இப்ப ரோடு தார் போட்டு மினுமினுங்குது. குடும்பம் குடும்பமாப் போறாங்க."

"ஓம், போகினம். நாங்களும் போவம். ஆனா தார் றோட்டை விட்டு இறங்கிறேல்லை. சண்டை முடிஞ்சிடும் அண்ணை, இரும்பு கிடக்கும்."

எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனாலும் அவன்தான் எங்கள் பயணத் தலைவன். பொழுது விழுந்தபின் ஓட்டக்கூடாது, ரோட்டில் ஒட்டகம் நிற்கும். பார்க்கிற பெட்ரோல் பம்பில் எல்லாம் டேங்கை நிரப்ப வேண்டும். மூடுபனியில் முன் வண்டியின் சிவப்பு விளக்கு கண்ணைவிட்டு மறையக்கூடாது. இதெல்லாம் அவன் சட்டம். நான் என் பங்குக்கு வண்டியின் முன் கம்பியில், தரைக்குப் பக்கமாக, இரண்டு மஞ்சள் விளக்குப் பொருத்தினேன். பனியைக் கிழிக்கும் என்று மெக்கானிக் சொன்னான். "கல்யாண வீட்டுக்கா போறோம்?" என்று என் மனைவி சிரித்தாள்.

ஓமானின் நடுப்பாலை தாண்டுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியலில் ஓட்டுவோம், வெயில் ஏறியதும் எங்காவது ஏசி இருக்கிற இடத்தில் சுருண்டு கிடப்போம். ஹைமாவில் ஓர் இரவு. மறுநாள் மலை விளிம்பு வந்ததும், யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அடுத்த வளைவில் பனி. என் மனைவி பின்னாலிருந்து கையைத் தட்டினாள், குழந்தை மாதிரி.

சலாலாவில் தங்கி, அடுத்த நாள் காலை மேற்கே புறப்பட்டோம். கடலோரம் போய், ஏமன் எல்லை நோக்கிக் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் ரோடு அது. ஏறுவதற்கு முன் ஒரு மலையாளியின் சாயாக்கடை. சாயாவை நீட்டிக்கொண்டே அவர் எங்கள் வண்டிகளைப் பார்த்தார்.

"மேல போறீங்களா? போங்க, நல்லா இருக்கும். ரோடு விட்டு எறங்கண்டா, கேட்டோ. பழைய யுத்த சாமானம் மழைத்தண்ணி அடிச்சு கீழ வரும். எப்பவும் இல்ல. ஆனா வரும்."

தம்பி என்னைப் பார்த்தான். நானும் சாயாவை மட்டும் குடித்தேன்.

மேலே ஏறினோம். ராணுவச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டுக்குள் இருந்த என் மனைவியைக் கண்டதும் சிப்பாய் சிரித்துக் கையசைத்து அனுப்பினான். அதற்குப்பிறகு பனி இறுகியது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வண்டி நகர்கிறதா, நாங்கள் நிற்கப் பனி நகர்கிறதா என்றே புரியவில்லை. திடீரென்று ரோட்டின் நடுவே ஒரு மாட்டின் பின்புறம். பிரேக் பிடித்தால் டயர் வழுக்கியது. மாடு திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. "நிதானமா மச்சான், நிதானமா" என்று காதுக்குப் பின்னால் குரல்.

கொஞ்ச தூரத்தில் முதுகில் இரண்டு தட்டு.

நிறுத்தினேன். தம்பியும் வந்து நிறுத்தினான். இரண்டு வண்டிக்கும் அபாய விளக்குகளைப் போட்டோம். ரோட்டின் வலப்பக்கம் இடுப்பளவு புல், நடுநடுவே புதர், அதற்கப்பால் வெள்ளை.

"அக்கா, றோட்டிலயே இருங்கோ. ஒரு வாகனமும் வராது. நாங்கள் ரெண்டுபேரும் அங்கால திரும்பி நிக்கிறம்" என்றான் தம்பி.

"போடா, ரோட்டுலயாவது! லாரிக்காரன் எவனாவது வந்தா?" என்றாள் அவள். அபாயாவை மாட்டிக்கொண்டாள். "ரெண்டு எட்டுதான். இந்தா, இந்தப் புதருக்குப் பின்னாடி."

"ரெண்டு எட்டுத்தான், சரியோ?"

"சரிப்பா சரி. திரும்புங்க."

திரும்பினோம். நான் அந்த வாரம் வரவேண்டிய சைனா சரக்கைப்பற்றிப் பேச ஆரம்பித்தேன். தம்பி "ஓம் அண்ணை" என்றான். சாரல் ஹெல்மெட்டில் விழுகிற சத்தம். பேச்சு தீர்ந்து, அதையே மறுபடி பேசினேன். வழக்கத்தைவிட நேரம் ஆகிற மாதிரி இருந்தது. தம்பி "ஓம்" சொல்வதை நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் அவள் குரல் வந்தது. நாங்கள் நினைத்த இடத்திலிருந்து இல்லை. இன்னும் தள்ளி, கீழே, புதருக்கு இடதுபக்கமிருந்து.

"மச்சான்... இங்கன ஒரு இரும்பு கெடக்கு."

சைனா சரக்கைப் பாதியில் விட்டேன்.

"என்ன இரும்பு?"

"தெரியலை. துருப்பிடிச்ச சூரை மீனு மாதிரி இருக்கு. வாலுல தகடு தகடா. கையெட்டுற தூரத்துல கெடக்கு."

தம்பி திரும்பினான். "செல்" என்றான் மெதுவாக. "வெடிக்காத செல் அண்ணை, குண்டு." உடனே, நான் அதுவரை கேட்டிராத உரத்த குரலில் கத்தினான்: "அக்கா! நில்லுங்கோ! நிண்ட இடத்திலயே நில்லுங்கோ. காலை எடுக்காதேங்கோ. அதைத் தொடாதேங்கோ. விளங்குதோ?"

"விளங்குது" என்றது பனி. "நான் எங்க தொடப் போறேன்."

நான் ரோட்டின் விளிம்புக்கு ஓடினேன். ஒரு கால் புல்லுக்கு மேலே தூக்கியாயிற்று. தம்பி என் ஜாக்கெட் காலரைப் பிடித்து இழுத்ததில் இருவரும் தாரில் விழுந்தோம்.

"விடுறா! என் பொண்டாட்டிடா அவ!"

"தெரியும்! செல் வெளியில கிடக்கு எண்டா மிதிவெடி உள்ளுக்கு கிடக்கலாம். நீங்கள் போய் மிதிச்சா அவவும்தான் போவா. எதால போனவ எண்டு பாத்தனீங்களோ?"

இல்லை. நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. ஒருத்தி புல்லுக்குள் இறங்கிப் போயிருக்கிறாள், கட்டிய புருஷனுக்கு அவள் எந்த இடத்தில் இறங்கினாள் என்பதுகூடத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு மரியாதையாக நின்றிருக்கிறோம்.

"புதர்க்கிட்டத்தானே போறேன்னே!" என்று நான் கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"அங்கேருந்து பார்த்தா ஒங்க முதுகு தெரிஞ்சுச்சு" என்றாள். "முதுகு தெரிஞ்சா எப்படி ஒக்கார்றது?"

போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. தம்பியின் போனிலும் இல்லை. அவன் எழுந்து ஹெல்மெட்டை மாட்டினான்.

"நான் சாவடிக்குப் போய் ஆமிக்காரரைக் கூட்டிக்கொண்டு வாறன். எவ்வளவு நேரமானாலும் அவ அங்கயே நிக்கட்டும். நீங்கள் கதைச்சுக்கொண்டிருங்கோ. ஆனா இறங்காதேங்கோ."

"உனக்கு இதெல்லாம் தெரியுமில்ல தம்பி? நீ போய் அவளைக் கூட்டிட்டு வரமுடியாதா?"

"நான் என்ன மிதிவெடி எடுக்கிறவனோ அண்ணை?" அவன் ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டினான். "முகாமில இருக்கேக்க பள்ளிக்கூடத்தில படம் போட்டுக் காட்டினவை. கண்டா நில், அசையாதே, கூப்பிடு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல ஒண்டும் தெரியாது."

அவன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். அந்த நேரத்தில் அதே புல்சரிவில், வலப்பக்கம் மேலே, ஒரு மாடு கத்தியது. அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொன்று. பிறகு புல் முறிகிற சத்தம், ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டம்.

"மச்சான்" என்றாள் அவள். முதல் தடவையாகக் குரல் உடைந்தது. "மாடு வருது மச்சான். இந்தப் பக்கமாத்தான் எறங்குது."

தம்பி இன்ஜினை அணைத்தான்.

மாடு அந்த இரும்பை மிதிக்கலாம். மிதிக்காமலும் போகலாம். அவளை முட்டித் தள்ளலாம். ஒதுங்க வேண்டுமென்று அவளே ஓர் அடி எடுத்து வைக்கலாம். நில் என்று சொல்லவும் பயம், வா என்று சொல்லவும் பயம். நான் தம்பியைப் பார்த்தேன், தம்பி என்னைப் பார்த்தான். அந்த மலையில் எங்களுக்கு மூளை இல்லை.

வழி கண்டுபிடித்தது அவள்தான்.

"மச்சான், நான் வந்த வழி தெரியுது."

"என்ன தெரியுது?"

"புல்லெல்லாம் தண்ணி முத்து முத்தா நின்னு வெள்ளையா இருக்கு. நான் வந்த எடம் மட்டும் பச்சையா ஒரு கோடு. அபாயா இழுத்துட்டு வந்திருக்கு. தண்ணியெல்லாம் அதுலதான் இருக்கு, முழங்காலுக்குக் கீழ சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு."

தம்பி ரோட்டோரம் மண்டியிட்டுக் குனிந்தான். நானும் குனிந்தேன். சாரல் துளி கோத்த புல் நரைத்துக் கிடந்தது. கொஞ்சம் இடப்பக்கமாக, நரைக்குள் ஓர் இருண்ட பட்டை. ஒரு முழ அகலம். உள்ளே போய்ப் பனியில் மறைந்தது. ஆனால் எங்கள் பக்கத்து நுனி ஏற்கனவே மங்கிக்கொண்டிருந்தது. அவள் முதலில் நடந்த இடம் அதுதானே. சாரல் விழுந்து விழுந்து அந்தப் புல்லில் மறுபடி முத்துக் கோத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கோடு இருக்காது. மாடுகள் வந்து உழக்கினால் அதற்கும் முன்னாலேயே இருக்காது.

தம்பி கண்ணை மூடித் திறந்தான். "அக்கா, கேளுங்கோ. நிக்கச் சொன்னது நான்தான். ஆனா நிண்டா அந்தத் தடம் அழிஞ்சிடும். நான் வாங்கோ எண்டும் சொல்லமாட்டன், நில்லுங்கோ எண்டும் சொல்லமாட்டன். எனக்குச் சொல்ல ஏலாது."

"நீ சொல்ல வேணாம் தம்பி" என்றாள். "நான் வர்றேன். எப்படிக் கால் வைக்கணும்னு மட்டும் சொல்லு."

என்னை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"முதல்ல அந்த இரும்பில தட்டாமல் துணியைச் சுருட்டிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. திரும்பேக்க கால் நிண்ட இடத்திலயே திரும்புங்கோ. பட்டை அகலமா இருக்கும், துணி இழுத்தது. உங்கட கால் பட்டது நடுவில. புல்லு மடிஞ்சு கிடக்குதோ பாருங்கோ. இல்லாட்டி பூட்ஸ் அடி மண்ணில பதிஞ்சிருக்கும். அது தெரிஞ்சா மட்டும் காலை வையுங்கோ. தெரியாட்டி வைக்காதேங்கோ."

"சரி."

"அவசரப்படாதேங்கோ."

"மாடுகிட்டச் சொல்லு அதை" என்றாள்.

பிறகு "பிஸ்மில்லா" என்று கேட்டது. ஒரு பூட்ஸ் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி "பிஸ்மில்லா". ஒவ்வொரு எட்டுக்கும் ஒன்று. சோற்றில் கை வைக்கும்போது, கதவைத் திறக்கும்போது, வண்டியில் ஏறும்போது அவள் சொல்கிற சொல்தான். எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேன். அன்றைக்கு ஒன்று முடிந்து அடுத்தது வருகிறவரை நான் மூச்சு விடவில்லை. வலப்பக்கம் மாடுகளின் சத்தம் நெருங்கியது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்டது.

"பாறை ஒண்ணு வருது. இதுல தடம் இல்ல."

"பாறை எண்டா நல்லது அக்கா! கல்லுக்குள்ள ஒண்டும் புதைக்கேலாது. ஏறி நில்லுங்கோ. நிண்டு மூச்செடுங்கோ."

"நின்னுட்டேன்... அந்தாண்ட பக்கம் கோடு மங்கிருச்சு தம்பி. எல்லாம் ஒண்ணு போல வெள்ளையா இருக்கு."

எனக்கு அப்போதுதான் வண்டி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அதை உருட்டி, தார் ரோட்டின் மேலேயே குறுக்காகத் திருப்பி, முன் சக்கரம் விளிம்பில் நிற்கிற மாதிரி நிறுத்தினேன். பெரிய விளக்கை அணைத்தேன், அது பனியில் பட்டு வெள்ளைச் சுவராக நிற்கும். கீழே இருந்த மஞ்சள் விளக்குகளை மட்டும் போட்டேன். வெளிச்சம் புல்லின் மேலாக வழித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு துளியும் மஞ்சளாகப் பற்றிக்கொண்டது. பற்றாத இடம் ஒன்று இருந்தது. மெல்லிய, நெளிந்த ஒரு பட்டை. ஓரிடத்தில் விட்டுவிட்டு மறுபடி தொடங்கியது.

"தெரியுதா புள்ள?"

"தெரியுது." என்றாள். "ஒங்க கல்யாண வீட்டு லைட்டு தெரியுது."

"வெளிச்சத்தைப் பாத்து வராதேங்கோ அக்கா, காலடியைப் பாத்து வாங்கோ!"

முதலில் நிழல் ஒன்று வந்தது. பிறகு அபாயா. பிறகு முகம். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை, என் கண் அவள் பூட்ஸை விட்டு அகலவில்லை. இடது கால் தூக்கியபடி நின்றது. கீழே புல் மடிந்திருக்கிறதா, காற்றில் சாய்ந்திருக்கிறதா என்று அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் ஒரு மாட்டின் தலை பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது, அதிசயமாக எதையோ பார்த்ததுபோல. அவள் அதைத் திரும்பிப் பார்க்காமல், குனிந்து, விரலால் புல்லை மெல்ல விலக்கினாள். செம்மண்ணில் பல் பல்லாக ஓர் அச்சு. ரோலாவில் நான் வாங்கிக்கொடுத்த, அவள் காலுக்கு ஒரு அளவு பெரிதான பூட்ஸின் அச்சு.

"பிஸ்மில்லா."

அடுத்த எட்டு. அதற்கடுத்தது. கை எட்டுகிற தூரம் வந்ததும் நானும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளைத் தாருக்கு இழுத்தோம். மூன்று பேரும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். நனைந்த அபாயா என் மடியில் கல்லாகக் கனத்தது. மாடுகள் ஒவ்வொன்றாகப் புல்லிலிருந்து ஏறி, எங்களைச் சுற்றிக்கொண்டு, ரோட்டைக் கடந்து போயின. ஒன்றும் வெடிக்கவில்லை.

முதலில் பேசியது அவள்தான். "தண்ணி பாட்டிலை அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். தம்பி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "போதும்பா. வந்துட்டேன்ல" என்றாள்.

தம்பி தன் சிவப்புச் சட்டையை, அந்தத் தடத்துக்கு நேரே ரோட்டோர இரும்புக் கம்பத்தில் கட்டினான். ஜாக்கெட்டை வெறும் உடம்பில் மாட்டிக்கொண்டு ஓட்டினான். சாவடியில் எங்களை அனுப்பிய அதே சிப்பாய் நின்றான். பலூச்சிக்காரன், உருது பேசினான். சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டு, வயர்லெஸ்ஸில் யாரையோ அழைத்துப் பேசினான். ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள் என்றான். பிறகு என்னிடம் கேட்டான்: "அவர் எந்த வழியாகப் போனார் என்று நீ பார்த்தாயா?"

"இல்லை பாய். நாங்கள் திரும்பி நின்றோம்."

திட்டுவான் என்று நினைத்தேன். அவன் என் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "நானும் திரும்பித்தான் நின்றிருப்பேன்" என்றான்.

அந்த இரும்பு என்னவாயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் புல்லுக்குள் வேறு ஏதாவது இருந்ததா, அவள் அவ்வளவு பயந்து நடந்தது வெறும் மண்ணின் மேல்தானா, அதுவும் தெரியாது. தம்பியிடம் ஒருமுறை கேட்டேன். "தெரியாமலே இருக்கட்டும் அண்ணை. தெரியவேண்டி வந்த ஆக்களை நான் கண்டிருக்கிறன்" என்றான்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். ஹைமாவைத் தாண்டி, தட்டையான சரளைப் பாலை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒளிந்துகொள்ள ஒரு கல்கூட இல்லை. போரும் நடக்காத, புல்லும் முளைக்காத பூமி. என் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

நிறுத்தினேன். பெட்டியைத் திறந்து அபாயாவைக் கொடுத்தேன். விளிம்பில் தோஃபார்ச் செம்மண் இன்னும் போகவில்லை. தம்பி வழக்கம்போல ரோட்டின் மறுபக்கம் பார்த்து நின்று, போகிற லாரிகளில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர்களைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். நானும் பழக்கத்தில் திரும்பினேன். சைனா சரக்கு என்று வாயைத் திறந்தேன்.

"மச்சான்."

நின்றேன்.

"நீங்க திரும்பாதீங்க" என்றாள். "பார்த்துட்டு நில்லுங்க."

அவள் அபாயாவைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு சரளையில் இறங்கி நடந்தாள். போகிற வழி முழுக்க நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.